யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்ச் சிந்தனை: ஒரு விமர்சன நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு எனப் பெயர் பெற்ற இடங்கள் பலவுள. ஆயின் ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் ஆறு ஒன்றேனும் அங்கில்லை. தொண்டைமானாறு எனப்படுவது வடமராட்சிக் கடனீரேரி வடகடலோடு கலக்கும் வாய். உப்பேற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் அதனை வெட்டுவித்தான் என்பது ஐதிகம். உப்பாறு தன் இயல்பைப் பெயரிலேயே கூறிவிடுகிறது. வழுக்கையாறொன்றே நன்னீர் கொள்வது. அதுவும் தெல்லிப்பழைப் பகுதியின் மாரி வெள்ளத்தைத் திரட்டி அராலிக் கரையிலே கடலுக்குக் கையளித்துவிட்டுக் கோடையில் வெறும் தரவையாகக் கிடக்கும். ஆறில்லாத மண்ணிலே இத்தனை ஆறுகள் பெயரளவிலேனும் வாழ்கின்றமை, நீர் பற்றிய அம்மக்களின் சிந்தனையில் நதியொன்று நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்தமையைக் காட்டுகிறது எனலாம்.

அண்மைக் காலத்திலே இந்நதிச் சிந்தனைக்கு மாற்றாகப் பிறிதொரு குரல் கேட்கத் தொடங்கியுள்ளது. கொங்கிறீற்றாலும் குழாயாலும் மாத்திரம் நீர்ப் பிரச்சினையைத் தீர்க்க முற்படாது, மண், மரம், குளம், மணல்மேடு, சதுப்பு நிலம் ஆகியவற்றின் இயல்பான தொழிற்பாட்டைத் துணைக்கொள்ளுதல் வேண்டும் என்பதே அக்குரலின் சாரம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2016ஆம் ஆண்டிலே இவ்வணுகுமுறைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. ஐக்கிய நாடுகளின் 2018ஆம் ஆண்டு உலக நீர் அபிவிருத்தி அறிக்கை முழுவதும் இப்பொருள் பற்றியதே. இதன் எதிரொலி வடபுலத்து எழுத்துக்களிலும் மேடைகளிலும் கேட்கிறது. தூர்ந்த குளங்களை அகழ்க, மணல்மேடுகளைக் காக்க, கடனீரேரிகளைப் பேணுக என்று கூறப்படுகிறது. இக்கூற்றுக்களோடு முரண்படுதற்கு ஏதுமில்லை. ஆயின் இவை பெரும்பாலும் 'முன்னோர் அறிவுக்கு மீளுதல்' என்னும் தொனியிலேயே கூறப்படுகின்றன. நீரை இயற்கையின் பொருளாக மாத்திரம் கண்டு, அது யார் வளவில் ஊறுகிறது, யார் அள்ளுகிறார், யார் தூர் எடுக்கிறார் என்னும் வினாக்களை இவை பெரிதும் எழுப்புவதில்லை. அவ்விடத்தே விமர்சனம் அவசியமாகின்றது.

முதலிற் பௌதிக நிலைமையை நோக்குதல் பொருந்தும். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்புக்களும் குகைகளும் நிறைந்த இக்கல் மழைநீரைப் பஞ்சுபோல் உள்வாங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஒற்றோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துக்குரியது. உட்சென்ற நன்னீர், நான்கு புறமும் கீழேயும் சூழ்ந்த கடல்நீரின்மீது மிதக்கின்றது. நடுவிற் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருத்தலின் இதனை நன்னீர் வில்லை என அழைப்பர். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நீர்தாங்கிகள் குடாநாட்டிலும் தீவுகளிலும் இனங்காணப்பட்டுள்ளன.

இவ்வில்லையின் விதியை ஒல்லாந்தரான பேடன் கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல்நீர் நன்னீரிலும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கமே அச்சத்துக்குரியது. மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், காலப்போக்கிற் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழும். கிணறு வற்றுவதற்கு முன்னரே அது உவராகிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இவ்விதியின் கண்கூடான சான்று. 'வற்றாத கிணறு' என்று அதனை வியந்து எழுதுவோர் பலர். அதன் அடியிற் கடல் காத்திருத்தலை எழுதுவோர் சிலரே.

இவ்வுண்மையை உணர்ந்தால், நீரை இருக்கவிடுதலும் ஒரு நீர் முகாமையே என்பது தெளிவாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் கிழக்குக் கரையிலே நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணம். பல்லாயிரம் கிணறுகளிற் கடல்நீர் புகுந்தது. நிவாரணத்துக்கு வந்தோர் இயந்திரங்கொண்டு அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். நல்லெண்ணத்தாற் செய்யப்பட்ட இவ்விறைப்பு, மணலிலே மெல்லியதாய் எஞ்சியிருந்த நன்னீரையும் வெளியேற்றிக் கீழிருந்த உவர்நீரை மேலிழுத்தமை பின்னர் ஆய்வாளராற் சுட்டப்பட்டது. கிணற்றிற் கிடந்த அழுக்கை நீக்குமளவுக்கு இறைத்துவிட்டு மாரிமழைக்கு விட்டுவிடுதலே தக்கதாயிருந்தது. அடுத்துவந்த மழைகளே உவரைப் படிப்படியாகக் கழுவின. வடமராட்சி கிழக்கின் மணற்காடு, குடத்தனை, அம்பன் பகுதிகளில் உள்ள மணல்மேடுகளும் இவ்வாறே மழைநீரைத் தாங்கி வைத்திருப்பன. அங்கே மணல் அகழ்தல், நீர்த்தொட்டியின் சுவரைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றலை ஒக்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, நதிச் சிந்தனையின் மிகச் சிறந்த வெளிப்பாடாகிய 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் எதிர்பாராத முகத்தைக் காட்டுகின்றது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954ஆம் ஆண்டிலே முன்வைத்த இத்திட்டம் பெயரால் மயக்கந் தருவது. உண்மையில் அது ஆறொன்றை வெட்டும் திட்டமன்று. கனகராயன் ஆற்று நீர் வன்னியிலிருந்து ஆனையிறவுக் கடனீரேரியில் வீழ்ந்து கடலோடு கலக்கிறது. அக்கடனீரேரியை மேற்கே பாலத்தடியிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் அடைத்து நன்னீர்த் தேக்கமாக்குதல், முள்ளியானிலே ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளக் கால்வாய் வெட்டி அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்கு விடுதல், அங்கிருந்து உப்பாற்றுக்கும் செல்லவிட்டுத் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளாற் கடலை மறித்தல் என்பனவே அதன் உறுப்புக்கள். கடலுக்குப் போகும் மிகை வெள்ளத்தைக் குடாநாட்டின் நடுவே சில மாதங்கள் நிற்கச் செய்து, அதன் நிறையால் நிலத்தடி வில்லையைத் தடிக்கச் செய்வதே உட்கருத்து. இன்று 'இயற்கைவழி' எனப் புதுப் பெயர் சூட்டிக் கூறப்படுவதிற் பெரும்பகுதி இவ்வரைபடத்திலே முன்னரே அடங்கியிருந்தது. எழுபது ஆண்டுகளாக இத்திட்டத்தைப் பாராட்டியவர்களிற் பலர் அதனை ஆறென்றே பாராட்டினர் என்பதும், அதனால் அதன் மெய்யான சிறப்பு மறைந்துபோயிற்று என்பதும் ஒரு நகைமுரண்.

திட்டம் முற்றுப்பெறவில்லை. தடுப்பணைகள் கட்டப்பட்டன, முள்ளியான் கால்வாய் அரைகுறையாய் நின்றது, போர்க்காலத்திலே அணைகள் பழுதுற்றன, போரின் பின்னரான ஆண்டுகளிலே தொண்டைமானாற்றுத் தடுப்பணை புதுப்பிக்கப்பட்டது. இவ்வரலாற்றை எழுதுவோர் வழமையாக அரசின் புறக்கணிப்பை மாத்திரம் காரணமாகக் கூறி அமைவர். அதில் உண்மையுண்டு. எனினும் திட்டத்தினுள்ளேயே ஒரு வினா விடையின்றி இருந்தது. உவர்நீர்க் கடனீரேரியும் இயற்கையே. ஆனையிறவுக்கும் சுண்டிக்குளத்துக்கும் இடைப்பட்ட பரவை நீரிலே இறால் வளர்கிறது. அதனை நம்பி வாழும் மீனவர் உளர். சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டுப் பின்னர் 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வலசை வரும் பூநாரைகளுக்கு நன்னீர்த் தேக்கம் பழைய உவர்த்தரவைக்கு ஈடாகாது. ஆனையிறவிலே உப்பளம் உள்ளது. தோட்டக்காரனின் நன்னீரும் மீனவனின் உவர்நீரும் ஒரே கடனீரேரியில் நிற்க இயலாது. ஆகவே இயற்கையைத் துணைக்கொள்ளுதல் என்பது எந்த இயற்கையை, யாருடைய இயற்கையை என்னும் தெரிவாகவே முடிகின்றது. இத்தெரிவை மறைத்து எழுதும் எழுத்து எத்துணை நல்லெண்ணங் கொண்டதாயினும் குறையுடையதே.

கடனீரேரியிலிருந்து குளங்களுக்கு வருவோம். குடாநாட்டிலே சிறியனவும் பெரியனவுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கோயிற் கேணி, வயற்குளம், மாடு நீருண்ணும் குளம் எனப் பலதரத்தன. குளக்கரையிலே நாட்டப்பட்ட ஆவுரோஞ்சிக் கல் இன்றும் சில ஊர்களிற் சரிந்து கிடக்கக் காணலாம். வன்னிக் குளங்களைப்போல் வாய்க்கால் வழி வயலுக்குப் பாயும் தொழில் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இருந்ததில்லை. மழைநீரைத் தடுத்துச் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கவிடுதலே இவற்றின் பெரும் பணி. வெளியார் கண்ணுக்குப் பயனற்ற பள்ளமாகத் தோன்றியமைக்கு இதுவே காரணம். நகரம் வளர்ந்தபோது இவற்றுட் பல குப்பையாலும் மண்ணாலும் நிரப்பப்பட்டுக் கட்டடங்களாயின. எஞ்சியவற்றின் அடியிலே சேறு படிந்தது. நுண்ணிய சேறு படிந்த குளத்தில் நீர் நிற்கும், நிலத்தினுள் இறங்காது. நிறைந்து கிடக்கும் குளத்தைப் படம்பிடித்து மகிழ்வோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

ஆகவே குளம் தொடர்ந்து தூர் எடுக்கப்படல் வேண்டும். முற்காலத்திலே அச்சேறு தோட்டத்துக்கு உரமாகச் சென்றது. கோடைதோறும் வெட்டி ஏற்றுதற்கு ஒரு தேவையும் இருந்தது. யூரியா வந்தபின் அத்தேவை ஒழிந்தது. குளம் தூர்ந்தமை நம்மவரின் அறிவு மங்கியதால் என்று கூறுவதிலும், உரத்தின் விலையாலும் கூலியின் விலையாலும் என்று கூறுவதே பொருத்தமுடைத்து. மேலும், அச்சேற்றை வெட்டியவர் யார்? சாதியமைப்பிலே அடிநிலையில் வைக்கப்பட்டிருந்த மக்களின் உழைப்பு, பெரும்பாலும் குடிமை முறையாற் கட்டாயப்படுத்தப்பட்ட உழைப்பு, அக்குளங்களை ஆழமாக வைத்திருந்தது. அவர்களுக்கே நல்ல தண்ணீர்க் கிணற்றிற் கயிறு விட உரிமை இருந்ததில்லை. குடத்தோடு கிணற்றருகே காத்திருந்து, உயர்த்தப்பட்ட சாதியார் ஒருவர் அள்ளி ஊற்றினாற் பெற்றுச் செல்லுதலே பல ஊர்களில் வழக்காயிருந்தது. கே. டானியல் தமது 'தண்ணீர்' நாவலிற் பொருளாகக் கொண்டது இக்கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையுமே. குடாநாட்டின் நீர் முகாமை வரலாறு எழுதப் புகுவோர் பொறியியல் அறிக்கைகளோடு அந்நாவலையும் சான்றாகக் கொள்ளுதல் தகும். நீரளவையியலாளர் அளக்காத ஒன்றை அது அளந்திருக்கிறது: கிணற்றில் நீர் இருந்தும் தாகம் இருந்தமை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், அதன்பின் அறுபதுகளில் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களும் நிலைமையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் 'முன்னோரின் கூட்டு முகாமை' என்று இன்று போற்றப்படுவதிலே யார் கூட்டில் இருந்தார், யார் வெளியில் நின்றார் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. குளத்தை மீட்க விழையலாம். அக்குளத்தைக் காத்த சமூக ஒழுங்கை மீட்க விழைதல் எவருக்கும் கூடாது. அங்ஙனமாயின் தூரெடுக்கும் வேலைக்குக் கூலி யார் கொடுப்பர் என்பதை முன்னோரிடம் கேட்டறிய இயலாது. இது இன்றைய பிரதேச சபைகளின் வரவுசெலவுத் திட்டத்திலே விடை காணவேண்டிய வினா.

கிணற்றின் கதையும் இத்தகையதே. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே இரண்டு மூன்று ஆள்களின் உடல்வலியே இறைப்பின் எல்லை. எவரும் திட்டமிடாத இவ்வெல்லை வில்லையைக் காத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது அவ்வெல்லை அகன்றது. துலா மிதித்துத் தோள் தேய்ந்தவர்களுக்கு அது விடுதலையாகவே வந்தது என்பதை மறத்தலாகாது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அவர்களைக் கல்வியூட்டி உயர்த்தின. இப்பல்கலைக்கழகங்களிற் பயின்ற பலரின் படிப்புச் செலவை அவ்வியந்திரம் இறைத்த நீரே செலுத்தியது என்றால் மிகையன்று. ஆயின் அதே தோட்டங்களில் இட்ட இரசாயன உரமும், சுண்ணாம்புக்கல்லில் நேரே வெட்டப்பட்ட மலகூடக் குழிகளும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்த்தன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவை மீறியிருத்தல் 1980களிலிருந்தே யாழ்ப்பாணத்து ஆய்வாளராற் கூறப்பட்டு வருகிறது. புட்டிப்பாலுண்ணும் சிசுக்களின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இது குறைக்கும். மழையை உள்வாங்கும் அதே வெடிப்புக்கள் அழுக்கையும் வடிகட்டாது உள்வாங்குகின்றன. இயற்கைவழி அணுகுமுறை பற்றிய எழுத்துக்கள் இவ்விடத்திலே தயங்குகின்றன. குளத்தை ஆழப்படுத்தி நீரை விரைந்து இறக்குதல், அக்குளத்தில் வடிவது வடிகால் நீராயின், நோயை விரைந்து இறக்குதலாகும்.

சுன்னாகத்தில் நிகழ்ந்தது இதனை ஊரறியச் செய்தது. அனல்மின் நிலையச் சூழலிலே கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி அயற்கிராமத்துக் கிணறுகளில் மிதந்தமை 2010களின் நடுப்பகுதியிலே பெரும் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலிலே உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஒரு வளவினுள் ஊற்றப்பட்டது மறுவளவிற் குடிக்கப்படும் என்னும் எளிய உண்மை நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது.

இந்நிலையிலேதான் நீரை வெளியிலிருந்து கொணரும் எண்ணம் வலுப்பெற்றது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் முன்னெடுக்கப்பட்ட திட்டம் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவர முற்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். இவ்வெதிர்ப்பை யாழ்ப்பாணத்தார் சிலர் பிரதேசவாதமென இகழ்ந்தனர். கிளிநொச்சியார் சிலர் நகரத்தாரின் சுரண்டலென்றனர். இரு சாராரும் ஒரு வேறுபாட்டைக் கவனியாதுவிட்டனர். இரணைமடுவும் கனகராயன் ஆற்றினுடையதே. ஆறுமுகத்தின் திட்டம் குளத்தை நிறைத்து வழிந்து கடலுக்குச் செல்லும் மிகை நீரைக் கேட்டது. பின்வந்த திட்டமோ குளத்தினுள்ளே நின்ற நீரைக் கேட்டது. சிறுபோக வயலை நம்பியிருப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. முடிவில் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு ஓகஸ்டிலே திறந்துவைக்கப்பட்டது. நைத்திரேற்றுக் கலந்த கிணற்றைவிட்டு நல்ல நீரைத் தாய்மார் பெறுதல் நன்மையே. அதனை இயற்கையின் பெயரால் எதிர்ப்பது வசதியுள்ளோரின் இரசனையாகவே அமையும். எனினும் மின்சாரத்தை உண்டு இயங்கும் அந்நிலையத்தின் நீர் குடிப்பதற்கேயன்றி வெங்காயத்துக்கன்று. தோட்டமும் கிணறும் முன்போலவே வில்லையின்மீது நிற்கின்றன. குழாய்நீர் வந்தபின் கிணற்றைக் கவனிக்கும் கண்கள் குறையுமா என்பதே இனி அவதானிக்கவேண்டியது. வீட்டில் எவரும் குடியாத கிணற்றின் நீரை எவர் சோதனைக்கு அனுப்புவார்?

நிலத்தடி நீரின் உடைமை பற்றிய வினா இங்கே மீண்டும் எழுகிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் நுணுக்கமாக எழுதப்படும். எத்தனையில் எத்தனை பங்கு, எந்தப் பாதையால் நீர் செல்லும் என்பவை தலைமுறை கடந்தும் வழக்காடப்படும். இத்துணை நுண்மையுடைய மரபு, அக்கிணறுகள் அனைத்துக்கும் பொதுவான வில்லை பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நீர்வளச் சபைச் சட்டம் உண்டு. ஆயினும் தன் வளவிலே ஒருவன் குழாய்க்கிணறு துளைத்து, எத்துணை வலுவுடைய இயந்திரத்தை இறக்கினாலும், பக்கத்து வளவுக்காரன் தன் கிணறு சவரான பின்னரே அதனை அறிகிறான்; உவர்ப்பு ஏறுவதற்கும் இறைப்புக்குமுள்ள தொடர்பை அவன் நிறுவுதல் எளிதன்று. வலிகாமத்திலே ஓரூர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, அவ்வளவைக் கோயில் வீதியிலோ சனசமூக நிலையத்திலோ எழுதிவைத்தால், இறைப்பைப் பற்றிப் பேசுதற்கு அயலாரிடையே ஒரு பொது ஆதாரம் கிடைக்கும். அளப்பதற்கு வேண்டிய கருவி சிறியது. மாணவர் ஒருவர் துவிச்சக்கர வண்டியில் எடுத்துச் செல்லத்தக்கது. ஆயின் அவர் ஒவ்வொரு வளவின் படலையையும் தட்டவேண்டும், எல்லாச் சாதியாரின் கிணற்றடிக்கும் செல்லவேண்டும், தோட்டக்காரன் எத்தனை மணிநேரம் இறைத்தான் என்று கேட்டு எழுதவேண்டும்.